வெந்நீர் அடுப்பும் வெயிலும்

மார்கழி வைகறையிற் கொங்குநாட்டு ஊர்களினூடே நடந்து செல்வார் முதலிற் காண்பது புகையே. வீடுதோறும் புழக்கடையில், எங்கள் பக்கத்தார் பொடக்காலி என வழங்கும் அவ்விடத்தில், கல்லடுப்பின்மேல் வெந்நீர் அண்டா ஏறியிருக்கும்.

சமையலறைக்கு எரிவாயு வந்துவிட்டது. தமிழக அரசின் இலவச அடுப்புத் திட்டமும், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் ஏழையர் இல்லங்களிலும் அதனைச் சேர்த்தன. ஆயினும் எங்கள் வீட்டில் எரிவாயு தேநீர்க்கும் குழம்புக்குமே. அண்டா நீருக்கு அன்று. அதற்குத் தென்னைமட்டையும் பருத்திமாறும் வேலிகாத்தான் விறகுமே உரியன. என் அப்பத்தாள் நாற்பதாண்டாக இவ்வடுப்பை ஊதி வருகின்றார். சென்ற ஆண்டு இருமல் மிகவே, மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "வீட்டில் யாரேனும் புகை பிடிப்பதுண்டோ?" என்று அவர் வினவினார். "நான்தான் பிடிக்கிறேன், அடுப்பிலே" என்றார் அப்பத்தாள். யாம் நகைத்தோம், மருத்துவர் நகைத்திலர். இல்லத்துப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருப்பதை யான் பின்னரே அறிந்தேன்.

"மரம் உண்ட கரியையே விறகு உமிழ்கின்றது, இதிற் கேடு யாது?" என்பாரும் உளர். வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்க்கப்படுமாயின் அஃது ஒருபுடை உண்மையே. ஆயின் ஈரவிறகு முற்றும் எரிவதில்லை. எரியாது எஞ்சும் நுண்கரி ஊதுவார் நெஞ்சிற் படிகின்றது. வானிற் சென்று புவியின் வெப்பத்தையும் மிகுக்கின்றது.

நூறு லிட்டர் நீரை 30 பாகை சூடேற்ற 3.5 யூனிட் வெப்பம் வேண்டும். திறந்த அடுப்பு விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கையே நீருக்கு அளிக்கும். ஆகவே நாடோறும் 6 கிலோ விறகேனும் எரித்தாக வேண்டும். (தமிழ் மாணவன் கணக்கை ஐயுறுவார்க்கு: பௌதிகம் பயிலும் நண்பர் இதனைச் சரிபார்த்துளர்.) கூரைமேல் 2 சதுர மீட்டர் அளவுள்ள வெயிற் கொதிகலன் ஒன்று, தெளிந்த நாளில் அவ்வளவு வெப்பத்தையும் புகையின்றித் தரும். சிறுவாணி நீர் எட்டாத ஊர்களில் ஆழ்குழாய் நீரின் உப்புக் குழாய்களிற் படிந்து அடைக்கும் என்பது மெய்யே. ஆண்டுதோறும் கழுவுதல் வேண்டும்.

நிற்க. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடுமே எனின், அந்நாட்களுக்கு மரத்தூளையும் நிலக்கடலைத் தோலையும் உலர்த்தி அழுத்திய எரிகட்டிகளைக் கொள்ளலாம். வணிகர் அவற்றைப் 'பெல்லட்' என்பர். அவற்றின் ஈரம் நூற்றுக்குப் 10-க்கும் குறைவாதலின் புகை மிகச் சிறிது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் துணையோடு பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பெனி உருவாக்கிய 'ஊர்ஜா' என்னும் கட்டியடுப்பு, 2006 முதல் இந்நாட்டில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னர் மராட்டியத்திலும் கருநாடகத்திலும் 998 குடும்பங்களை வினவி ஆராய்ந்தோர், வாங்கியவருள் நூற்றுக்கு 9 பேரே அதனை இன்னும் எரித்துவரக் கண்டனர். பண்ணைக் கழிவை மலிவாகப் பெற்றுக் கட்டியாக்கி ஊர்க்குச் சேர்க்க இயலாமையே இதற்குப் பெருங்காரணம். விற்ற கம்பெனியும் இல்லங்களை விட்டு வணிகர்பாற் சென்றது. இன்றோ போட்டி இன்னும் கடிது. 2021-இல் ஒன்றிய மின்துறை, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு 5 பங்கு இக்கட்டிகளைச் சேர்த்தெரிக்க ஆணையிட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்களும் விறகுக்கு வாய்திறந்து நிற்கின்றன. இவர்களோடு விலை பேசி வெல்ல அப்பத்தாளால் ஆகுமோ?

ஆதலின் அரசு மானியம் முதலில் வெயிற் கொதிகலனுக்குச் செல்க. கட்டி அழுத்தும் பொறி ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்க. ஊரிலே விளைந்த பருத்திமாறு ஊரார் அடுப்புக்குப் போக எஞ்சியதே வெளியே விற்கப்படுதல் வேண்டும். பொறியைப் பழக்க நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அண்மையிலேயே உளது. இத்தனையும் யான் விளக்கியபோது அப்பத்தாள் பொறுமையுடன் கேட்டு, "கட்டி கிலோ என்ன விலை?" என்றார். அவ்விலை விறகின் விலையைக் கடக்குமாயின், அவர் மீண்டும் கல்லடுப்பையே நாடுவார். அவரைக் குறைகூற என்னால் இயலாது.