ஒரு ரூபாய் ஏரி

சாலையும் மருத்துவமனையும் போக மிஞ்சினால் ஏரிகளுக்கும் மரங்களுக்கும் செலவழிக்கலாம் என்ற நம்பிக்கை நகராட்சி மன்றங்களில் மட்டுமல்ல, வரி கட்டுபவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. பார்வைக்குச் சிக்கனம் போலிருக்கும் இது, கணக்கு எழுதும் முறை உண்டாக்கிய மயக்கம். 2004-இல் வந்த தேசிய நகராட்சிக் கணக்கியல் கையேடு, விலையின்றிக் கைக்கு வந்த சொத்தைப் பெயரளவில் ஒரு ரூபாய் என்று பதியச் சொல்கிறது. வடிகாலுக்குக் கொட்டிய கான்கிரீட் முழுவிலையோடு சொத்துப் பட்டியலில் ஏறும். தலைமுறைகளாக வெள்ளத்தைத் தாங்கிவரும் ஏரி ஒரு ரூபாயோடு நின்றுவிடும். அந்த ஏரி பாதி தூர்ந்தாலும் ஏட்டில் நட்டம் தெரியாது. தூர்வாரினால் மட்டும் செலவு தெரியும்.

நியூயார்க் வேறு விதமாகக் கணக்குப் பார்த்தது. அதன் குடிநீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தரும் கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு வடிகட்டு நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என 1990-களில் மதிப்பிட்டார்கள். ஓட்டும் செலவு தனி. அதைத் தவிர்க்க, 1997-இல் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, காட்டுநிலம் வாங்கவும் பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் தடுக்கவும் பத்தாண்டுகளுக்குச் சுமார் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தண்ணீர்க் கட்டணம்தான் இதைத் தாங்கியது, தர்மப் பணம் அல்ல. அது தனித்த வாய்ப்பு என்பவர்கள் அதே நகரத்தின் குரோட்டன் பகுதியைப் பார்க்க வேண்டும். புறநகர்கள் நெருக்கிவிட்ட அந்தப் பகுதியின் நீருக்கு 300 கோடி டாலருக்கு மேல் கொட்டி வடிகட்டு நிலையம் கட்ட நேர்ந்தது. அங்கிருந்து வழக்கமாக வருவதோ நகரத்தின் நீரில் பத்தில் ஒரு பங்கு.

இயற்கைக்கு விலை போட்டால் விற்றுவிடுவார்கள் என்று சூழலியலாளர்களே அஞ்சுகிறார்கள். அது நியாயமான அச்சம். மனைவிலையைப் பதிந்தால் ஏரி மனையாகத்தான் பார்க்கப்படும். ஆனால் ஒரு ரூபாயும் ஒரு விலைதான், அதுவும் அழிக்க மிக மலிவான விலை. ஏட்டில் ஏற வேண்டியவை பரப்பு, கொள்ளளவு, ஆண்டுதோறும் இழந்த அளவு, மீட்க ஆகும் தொகை ஆகியவை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அப்படியொரு ஏடு இருந்திருந்தால், பெருங்குடியில் கொட்டிய குப்பையும் சுற்றிலும் எழுந்த கட்டடங்களும் ஆண்டுக்காண்டு இழப்பாகப் பதிவாகியிருக்கும். 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, ஏற்கப்பட்டபோது அங்கே பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். முன்பு அது பல மடங்கு பரந்து கிடந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய பணம் என்ற வாதமும் நிற்காது. வெள்ளம் வடிந்தபின் வரும் காய்ச்சலுக்கு அதே மருத்துவமனைதான் படுக்கை தேட வேண்டியிருக்கிறது. ஏரி பராமரிப்பு அவ்வப்போது வரும் மானியத்துக்குக் காத்திருக்காமல், குழாய் பழுதுபார்ப்பைப் போலத் தண்ணீர்க் கட்டணத்தில் நிரந்தரத் தலைப்பாக இடம்பெற வேண்டும்.