பள்ளி நிற்கும் மண் யாருடையது?

தொடக்கப் பள்ளியில் சம்பளம் வாங்குவதில்லை என்கிறார்கள். உண்மைதான், 1962 முதல் வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பள்ளி நிற்கும் மண் யாருடையது, தோழர்களே?

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரைமாரும் வைத்தார்கள், கோயில் கொட்டகையில் வைத்தார்கள்! ஆசிரியர் யார்? கங்காணி, அல்லது என்னைப்போல் ஒரு கிராணி. சட்டம் பள்ளியைத் தந்ததே தவிர நிலத்தைத் தரவில்லை. இன்றும் தோட்டப் பள்ளிகள் பல, பகுதி உதவி பெறுபவையே. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, நிலமோ முதலாளியுடையது. பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்ப அரசாங்கம் தயங்குகிறது. கூரை ஒழுகினால் பெற்றோர் உண்டியல் தூக்கவேண்டியிருக்கிறது.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். சிறு பள்ளிகளை இணைத்ததால் குறைந்தவையும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது லயத்தோடு சேர்ந்து மறைந்தவையும் அதில் அடக்கம் அல்லவா?

இங்கே கெலுகோரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985இல் திறந்த பாலம் இங்கிருந்துதான் பிறைக்குப் போகிறது. அக்கரையில், தெற்கே பத்து காவானில், தோட்டம் தொழிற்பேட்டையாகிவிட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பம் பிள்ளையைப் பழைய பள்ளிக்கே அனுப்பினால், வேன்காரருக்குப் பணம் கட்டவேண்டும். படிப்பு இலவசம், பள்ளிக்குப் போய்ச் சேருவது இலவசமன்று!

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கென்யாவில் 2003இல் தொடக்கப் பள்ளிச் சம்பளத்தை நீக்கினார்கள். ஆனால் தலைநகர் நைரோபியின் கிபெராக் குடிசைப் பகுதியில் குடியிருப்போருக்கு நிலவுரிமை இல்லை. அரசாங்கப் பள்ளிகளும் மிகக் குறைவு. தகரக் கொட்டகையில் நடக்கும் தனியார் பள்ளிக்கு ஏழைகள் காசு கொடுக்கிறார்கள். தண்ணீரையும் தகரம் தகரமாக விலைக்கு வாங்குகிறார்கள். அண்டை நாடான தான்சானியா, தாருஸ்ஸலாம் நகரத் தண்ணீரை 2003இல் தனியார் கம்பெனியிடம் விட்டது. 2005இலேயே ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியும் என்று அந்த ஏழை நாடு காட்டிற்று!

ஆகவே நம் சங்கக் கிளைகள் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. தோட்டம் கைமாறுகிறது என்ற செய்தி காதில் விழுந்த அன்றே கூட்டம் போடுங்கள். பள்ளி நிலத்தைத் தனியே அளந்து, பள்ளியின் பெயரில் பட்டா எழுதிய பிறகே விற்பனை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியைக் கல்வி இலாகாவுக்கும் அனுப்புங்கள். விற்று முடிந்தபின் மனுக் கொடுத்தால், வாங்கியவர் “நான் தோட்ட முதலாளி அல்லவே” என்பார்.