டேட்டாபேஸுக்குக் குபர்நெட்டிஸில் இடமில்லையா?

நாகர்கோவிலிலிருந்து காலை ரயில் பிடித்துத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் கேளுங்கள். சுங்கான்கடையிலோ குமாரகோவிலிலோ பொறியியல் கடைசி வருடம் படிக்கிறவர்களிடமும் கேளுங்கள். பல கணினிகளை ஒரு கிளஸ்டராக்கி அதில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நெட்டிஸைப் பற்றி வேறு எது தெரியாவிட்டாலும் ஒரு விதி மட்டும் மனப்பாடமாக இருக்கும்: டேட்டாபேஸைக் கிளஸ்டருக்குள் வைக்கக் கூடாது. செயலியைக் கன்டெய்னரில் ஓட்டு, டேட்டாபேஸை வெளியே வை, முடிந்தால் கிளவுடில் மேனேஜ்டு சேவையாக வாங்கிவிடு. நேர்காணலில் இதைச் சொன்னால் கேட்பவரும் தலையாட்டுவார். ஏன் என்று துருவினால் நான்கைந்து காரணங்கள் வரும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க விரும்புகிறேன். இந்த விதி பிறந்தபோது சரியாகத்தான் இருந்தது. பிறகு கருவிகள் மாறின, விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதை நம்பி நம்மூர்ப் பிள்ளைகள் நல்ல தொழில் ஒன்றைத் தொடாமலே விடுகிறார்கள்.

முதலில் சொல்லப்படுவது, பாட் நிலையில்லாதது, அது செத்தால் தரவும் போய்விடும் என்பது.

குபர்நெட்டிஸ் 1.0 வெளிவந்தது 2015 ஜூலையில். அன்றைக்கு ஒவ்வொரு டேட்டாபேஸ் பாடுக்கும் மாறாத பெயரும் தனக்கே உரிய டிஸ்கும் கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 2016-இல் 1.3 பதிப்பில் 'பெட்செட்' என்ற பெயரில் அது சோதனைக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில் 1.5-இல் 'ஸ்டேட்ஃபுல்செட்' ஆனது. 2017 டிசம்பரில் 1.9 பதிப்பில் நிலைபெற்றது. அதற்குப் பிறகும் இந்தக் காரணத்தைச் சொல்கிறவர்கள் பாடையும் டிஸ்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாட் என்பது ஓடுகிற புராசஸ். தரவு இருப்பது அதனுடன் இணைக்கப்பட்ட வால்யூமில். 'போஸ்ட்கிரெஸ்-0' என்ற டேட்டாபேஸ் பாட் விழுந்தால், அதே பெயரில் புதிய பாட் எழுந்து அதே வால்யூமை மாட்டிக்கொள்ளும். ஸ்டேட்ஃபுல்செட்டையே அழித்தாலும், நீங்கள் வேறுவிதமாகச் சொல்லி வைக்காத வரை வால்யூமுக்கான உரிமைக்கோரிக்கை, அதாவது பிவிசி, அப்படியே இருக்கும்.

தரவு உண்மையில் போகிற வழி வேறு. தானாக உருவாக்கப்படும் வால்யூம்களுக்கு வழக்கமான மீட்புக் கொள்கை 'டிலீட்'. பிவிசியை யாராவது அழித்தால் அதன் பின்னால் உள்ள டிஸ்கும் சேர்ந்து அழியும். குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவி கியூப்சிடிஎல். 'கியூப்சிடிஎல் கெட் பிவி' என்று தட்டினால் ஒவ்வொரு வால்யூமுக்கும் எதிரே அந்தக் கொள்கை தெரியும். 'கியூப்சிடிஎல் பேட்ச்' கொண்டு அதை 'ரீட்டெய்ன்' ஆக்குவது ஒரு வரி வேலை. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொடுக்காமல் பாட் நிலையில்லாதது என்று பயமுறுத்துவதில் யாருக்கும் பயனில்லை.

இதே காரணத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. நோடு, அதாவது கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி, திடீரென்று செத்துவிட்டால் ஸ்டேட்ஃபுல்செட் பாட் வேறு நோடில் எழுவதில்லை, அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பார்கள். நடப்பது அதுதான். ஆனால் அதைக் குறையாகச் சொல்வது சரியல்ல. நோடு செத்ததா, இல்லை நெட்வொர்க் மட்டும் அறுந்து அது உயிரோடுதான் இருக்கிறதா என்று கிளஸ்டருக்குத் தெரியாது. தெரியாமல் இரண்டாவது பாடை எழுப்பினால் ஒரே டிஸ்கில் இரண்டு போஸ்ட்கிரெஸ் எழுதித் தரவு கெட்டுப்போகலாம். அதனால் அது காத்திருக்கிறது. மின்சாரம் போய் அந்த நோடு அணைந்தேவிட்டது என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள்தான். 'அவுட்-ஆஃப்-சர்வீஸ்' என்ற டெயின்டை 'கியூப்சிடிஎல் டெயின்ட்' மூலம் அந்த நோடில் நீங்கள் போட்டதும், கிளஸ்டர் பழைய பாடை அப்புறப்படுத்தி, வால்யூமைக் கழற்றி, வேறு நோடில் மாட்டுகிறது. 2023-இல் வந்த 1.28 பதிப்பிலேயே இது நிலைபெற்றுவிட்டது. தரவைக் காக்க வேண்டிய இடத்தில் தானாக முடிவெடுக்காமல் மனிதரைக் கேட்கிற கருவியை நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொதுவாகக் கிளஸ்டரின் முழு நிலையும் ஈடிசிடி என்ற டேட்டாபேஸில்தான் இருக்கிறது. கியூப்அட்மின் கொண்டு வழக்கமான முறையில் நிறுவிய கிளஸ்டரில் அந்த ஈடிசிடியே கன்டெய்னராகத்தான், ஒரு ஸ்டாட்டிக் பாடாகத்தான் ஓடுகிறது. கன்டெய்னரில் டேட்டாபேஸ் நிற்காது என்றால் கிளஸ்டரே நிற்கக் கூடாது.

இரண்டாவது காரணம்: எழுத்தை ஏற்கும் பிரைமரி எது, அதன் நகலான ரெப்ளிகா எது என்று குபர்நெட்டிஸுக்குத் தெரியாது. உண்மை, தெரியாது. அது லினக்ஸுக்கும் தெரியாதே. சாதாரண சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஓட்டியவர்கள் பட்ரோனியையோ ரெப்எம்ஜிஆரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கிளஸ்டரில் அந்த வேலையைச் செய்வது ஆபரேட்டர். கோர்ஓஎஸ் நிறுவனம் 2016 நவம்பரில் ஈடிசிடிக்கு ஓர் ஆபரேட்டர் எழுதி இந்த முறைக்குப் பெயர் வைத்தது. ராத்திரியெல்லாம் மடையில் உட்கார்ந்து நீர்மட்டம் பார்த்துப் பலகை போட்டு எடுக்கிறவரைப் போல, டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக்கொடுத்ததையும் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, விலகியதைச் சரிசெய்வது அதன் வேலை.

போஸ்ட்கிரெஸுக்கான கிளவுட்நேட்டிவ்பிஜி 2022-இல் திறந்த மூலமாக வந்தது. அது ஸ்டேட்ஃபுல்செட்டைக்கூடப் பயன்படுத்துவதில்லை. பாடையும் பிவிசியையும் நேரடியாகத் தானே ஆள்கிறது. டெர்மினலில் 'கியூப்சிடிஎல் சிஎன்பிஜி ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் எது பிரைமரி, எந்த ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, மாற்றங்களைப் பதியும் வால் (WAL) கோப்புகள் பேக்கப்புக்குப் போகின்றனவா, எந்த நேரம் வரை பின்னோக்கி மீட்க முடியும் என்பதெல்லாம் ஒரே திரையில் வரும். பிரைமரியை மாற்ற 'சிஎன்பிஜி ப்ரமோட்'. யூடியூப் தன் மைஎஸ்க்யூஎல்லுக்காக 2010-இல் தொடங்கிய விட்டெஸ், கூகுளுக்குள் போர்க் கிளஸ்டரில் ஓடி வளர்ந்தது. குபர்நெட்டிஸின் முன்னோடி அந்தப் போர்க்தான். ஆக, கிளஸ்டரில் டேட்டாபேஸ் என்பது குபர்நெட்டிஸுக்கு முன்பே பழகிய விஷயம்.

மூன்றாவது, வேகம் குறையும் என்பது. கன்டெய்னர் என்பது விர்ச்சுவல் மெஷின் அல்ல. அதே கெர்னலில் ஓடுகிற புராசஸ்தான். வால்யூமில் எழுதுவது கன்டெய்னர் இமேஜின் அடுக்குகள் வழியாகப் போவதும் இல்லை. மெதுவாக இருந்தால் பெரும்பாலும் அடியில் உள்ள நெட்வொர்க் டிஸ்கே காரணம், அது மேனேஜ்டு சேவையின் அடியிலும் இருக்கிறது. 2019-இல் 1.14 பதிப்பில் நிலைபெற்ற லோக்கல் வால்யூம், நோடின் சொந்த எஸ்எஸ்டியையே டேட்டாபேஸுக்குக் கொடுக்கிறது. வேகம் பற்றிய புகார்களில் பல வேகம் பற்றியவையே அல்ல, அமைப்பு பற்றியவை. கன்டெய்னரில் பகிர்வு நினைவகம் சொல்லாமல் விட்டால் 64 எம்பி. போஸ்ட்கிரெஸ் பெரிய கேள்வியைப் பல கிளைகளாகப் பிரித்து ஓட்டும்போது அது போதாமல் பிழை வரும். உடனே பார்த்தாயா, கன்டெய்னரில் ஓடாது என்று முடிவுகட்டுகிறார்கள். நினைவகத்தில் ஒரு வால்யூமை மாட்டினால் தீர்கிற காரியம் இது. நல்ல ஆபரேட்டர்களில் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. மெமரிக்கும் சிபியுவுக்கும் ரிக்வெஸ்டையும் லிமிட்டையும் சமமாக வைத்தால் நெருக்கடியில் வெளியேற்றப்படுகிற வரிசையில் டேட்டாபேஸ் கடைசிக்குப் போகும்.

நான்காவது காரணம் கமாண்ட் லைனைப் பற்றியது. நம்மூரில் அதிகம் கேட்பதும் இதுதான்: கறுப்புத் திரையில் ஒரு வரி தப்பாகத் தட்டினால் எல்லாம் போச்சு, பட்டன் உள்ள டாஷ்போர்டு பாதுகாப்பு.

தப்பாகத் தட்டினால் போகும், மறுக்கவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ரெப்ளிகா என்று எண்ணிப் பிரைமரியின் டைரக்டரியை அழித்தார். ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு போயிற்று. அவர்கள் வைத்திருந்த பேக்கப் வழிகள் பலவும் அப்போதுதான் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்த டேட்டாபேஸ் ஓடியது குபர்நெட்டிஸில் அல்ல, சாதாரண சர்வரில். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று கேட்காமல், சொன்னதைச் செய்துவிடுகிற ஷெல் அது. கியூப்சிடிஎல்லில் தட்டும் கட்டளை அப்படி நேராக டிஸ்குக்குப் போவதில்லை. ஏபிஐ சர்வரைத் தாண்டித்தான் போக வேண்டும். இவருக்கு இதை அழிக்க உரிமை உண்டா என்று அதன் உரிமைச் சரிபார்ப்பான ஆர்பேக் பார்க்கும். 'கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ' என்று முன்கூட்டியே அதைக் கேட்டுக்கொள்ளலாம். 'கியூப்சிடிஎல் டிஃப்' என்ன மாறப்போகிறது என்று காட்டும். கியூப்டிபி ஆபரேட்டரில் 'டூநாட்டெர்மினேட்' என்ற அழிப்புக் கொள்கையை வைத்துவிட்டால், டிலீட் கட்டளையை வாசலிலேயே மறுத்துவிடும். பாட் ஒன்று பயன்படுத்திக்கொண்டிருக்கும் பிவிசியை அழிக்கச் சொன்னாலும், அந்தப் பாட் விடும்வரை அழிப்பு நிற்கும். இத்தனை கதவுகள் பட்டன் திரைக்கு மட்டும் உரியவை அல்ல.

பட்டனில் இல்லாத ஒன்று டெர்மினலில் உண்டு. யாம்ல் கோப்பில் எழுதி 'அப்ளை' செய்ததை கிட் களஞ்சியத்தில் வைக்கலாம், சக ஊழியர் படித்துத் திருத்தலாம், ஆறு மாதம் கழித்து யார் ஏன் மாற்றினார் என்று பார்க்கலாம். டாஷ்போர்டில் அமுக்கியதை அப்படி எடுத்துப் பார்ப்பது கடினம். அதே சமயம், 'எக்ஸெக்' செய்து உள்ளே போய் நேரடியாக டேபிளை மாற்றுகிற பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. உள்ளே போன பிறகு அந்தக் கதவுகள் எதுவும் காவல் இல்லை.

குமரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில், கிடைக்கிற கொஞ்சம் மொபைல் சிக்னலில் கனமான டாஷ்போர்டு திறக்காது. நாலு வரி எழுத்து போய்ச்சேரும்.

அதே ஒக்கிதான் பழைய விதி இன்றும் சரியாக இருக்கிற இடத்தையும் காட்டுகிறது. அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி, அதில் கே3எஸ் என்ற சிறிய குபர்நெட்டிஸ், அதன் லோக்கல் டிஸ்கில் டேட்டாபேஸ் என்றால், வைக்காதீர்கள். ஒரே கணினியில் மூன்று விர்ச்சுவல் மெஷின் போட்டு மூன்று ரெப்ளிகா என்று கணக்குக் காட்டினாலும் அதே கதைதான், கரண்ட் போனால் மூன்றும் சேர்ந்தே விழும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. மின்தடை தாங்கும் மின்தேக்கி இல்லாத மலிவு எஸ்எஸ்டி, எழுதிவிட்டேன் என்று சொன்னதைக்கூட இழக்கலாம். ரெப்ளிகாக்கள் வேறுவேறு கணினிகளில்தான் இருக்க வேண்டும் என்று அஃபினிட்டி விதி எழுதுங்கள். பேக்கப் மாவட்டத்துக்கு வெளியே, மும்பையிலோ சென்னையிலோ உள்ள ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் இருக்கட்டும். ரெப்ளிகாவைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். பிரைமரியில் யாராவது டேபிளை அழித்தால் ரெப்ளிகாவிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அது அழியும்.

கடைசிக் காரணம்: மேனேஜ்டு சேவை இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு? இரண்டு பேர் மட்டும் நடத்துகிற சிறிய நிறுவனம், ஒரே செயலி என்றால் நானும் வாங்கச் சொல்வேன். பல வாடிக்கையாளர்களுக்கு டேட்டாபேஸ் நடத்துகிறவருக்கு அந்தக் கணக்கு மாறும். அமேசானின் ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸின் முழு சூப்பர்யூசர் உரிமை உங்களுக்கு இல்லை. அங்கிருந்து உங்கள் சொந்த சர்வருக்கு பிசிக்கல் ரெப்ளிகேஷன் எடுக்கவும் முடியாது. வெளியே வர வேண்டுமென்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷனோ டம்ப்போதான். மேனேஜ்டு சேவை விற்கிற பிளானட்ஸ்கேலே விட்டெஸைக் குபர்நெட்டிஸில்தான் ஓட்டுகிறது. கூடாது என்று சொல்லப்படுகிற அதே வேலையை வேறொருவர் செய்து, அதற்குக் கூலி வாங்குகிறார்.

அந்தக் கூலி யாருக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. கியூப்டிபியை எழுதிய ஆப்ஸ்கோடில் பெரும்பங்கு வங்கதேசத்துப் பொறியாளர்களுடையது. கிளஸ்டருக்கு ஸ்டோரேஜ் கொடுக்கும் ஓப்பன்இபிஎஸ் பெங்களூரில் வளர்ந்தது. இது ஏதோ கடல் கடந்த ஊர்களின் வித்தை அல்ல. நாகர்கோவில் கோணத்தில் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் 'கைண்ட்' என்ற கருவி கொண்டு மூன்று நோடு கிளஸ்டர் போடலாம், செலவில்லை. கிளவுட்நேட்டிவ்பிஜியை நிறுவி மூன்று இன்ஸ்டன்ஸ் எழுப்புங்கள். ஒரு சிறிய ஸ்கிரிப்ட் விடாமல் வரிசைகளை எழுதிக்கொண்டிருக்கட்டும். நடுவில் பிரைமரி ஓடுகிற நோடாக நடிக்கும் கன்டெய்னரை நிறுத்துங்கள். புதிய பிரைமரி எழுதத் தொடங்க எத்தனை நொடி ஆயிற்று, எழுதியாகிவிட்டது என்று பதில் வந்த வரிசைகளில் எத்தனை காணவில்லை என்று எண்ணுங்கள். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனைப் போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். பிறகு ஒரு டேபிளை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து, அழித்ததற்கு ஒரு நிமிடம் முந்தைய நேரத்தைக் கொடுத்து, புதிய கிளஸ்டராக மீட்டுப் பாருங்கள். டேட்டாபேஸைக் குபர்நெட்டிஸில் வைக்கலாமா என்று நேர்காணலில் கேட்கும்போது, அந்த எண்களைச் சொல்லுங்கள்.