வாசல் கணக்கும் பந்திக் கணக்கும்

கல்யாண வீட்டில் கூட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? வாசலில் சந்தனக் கிண்ணத்துடன் நிற்கும் பெண்ணைக் கேட்காதீர்கள். "அடேயப்பா! ஆயிரம் பேர்!" என்பாள். நேரே சமையற்கட்டுக்குப் போய்ப் பரிசாரகரைக் கேளுங்கள். எத்தனை இலை விழுந்தது என்று ஒன்று குறையாமல் சொல்லிவிடுவார். வந்தவர்கள் வேறு, சாப்பிட்டு எழுந்தவர்கள் வேறு.

சர்வகலாசாலைகளின் சமாசாரமும் இதேதான். பையனுக்கு இடம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைக்கிறோம். சர்வகலாசாலையும் தன் பங்குக்கு, 'இந்த வருஷம் இத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தோம்' என்று மார் தட்டிக் கொள்கிறது. அந்த இத்தனை ஆயிரம் பேரில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்!

அமெரிக்காவில் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 1990-ஆம் வருஷம் சட்டம் செய்தார்கள். நாலு வருஷப் படிப்பை ஆறு வருஷத்துக்குள்ளாவது முடித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று வெளியே சொல்ல வேண்டும். முதல் வருஷம் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருஷம் திரும்பி வந்தார்கள் என்பது இன்னொரு கணக்கு. நடுவில் வேறு காலேஜுக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவனும் பழைய இடத்துக் கணக்கில் முடிக்காதவன்தான். ஆகவே இது முழு உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கணக்கு என்று வந்துவிட்டால் கள்ளக் கணக்கும் கூடவே வருமல்லவா? மேரிலாந்து ராஜ்யத்தில் மவுண்ட் செயின்ட் மேரீஸ் என்று ஒரு சர்வகலாசாலை. முதலீட்டுத் தொழிலில் இருந்த ஒருவர் அதற்குத் தலைவராக வந்தார். 2015-இல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மாணவர் தொகையைச் சர்க்காருக்கு அறிவிக்கும் நாள் செப்டம்பர் கடைசியில் வருகிறது. அதற்கு முன்பே, தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற இருபது இருபத்தைந்து புது மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? அவர்கள் வந்ததாகவும் கணக்கில் ஏறாது, போனதாகவும் ஏறாது. விகிதம் தானாக உயர்ந்துவிடும்! யாரை அனுப்புவது என்று கண்டுபிடிக்க, பிள்ளைகளின் மனநிலையைத் துருவும் ஒரு கேள்வித்தாள் வேறு. தயங்கிய பேராசிரியர்களிடம், இவர்களை முயல் குட்டிகளாகப் பார்த்து இரக்கப்படக் கூடாது, முயல் குட்டிகளைத் தண்ணீரில் அமுக்கத்தான் வேண்டும் என்கிற தோரணையில் அவர் பேசியதாகச் செய்தி வந்தது.

பேராசிரியர்கள் பட்டியல் கொடுக்காமல் நாளைக் கடத்தினார்கள். தேதி தாண்டிவிட்டது. 2016 ஜனவரியில் மாணவர்களே நடத்தும் பத்திரிகை இந்த விஷயத்தைப் போட்டு உடைத்தது. பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளன்று தலைவர் ராஜினாமா செய்தார்.

இலை எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காக விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வழி இது. இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பார்க்க ஜார்ஜியா ராஜ்யத்தின் தலைநகரான அட்லாண்டாவுக்கு வாருங்கள்.

அங்கே ஊருக்கு நடுவில் இருக்கிறது ஜார்ஜியா ஸ்டேட் சர்வகலாசாலை. பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலையில் வியாபாரப் படிப்பு சொல்லித் தரும் பள்ளியாக 1913-இல் பிறந்தது. கறுப்பு இனத்தவர் அதில் சேர முடியாது. பழைய மாணவர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று ஒரு விதி. பழைய மாணவர் எல்லோரும் வெள்ளையர்! மூன்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1959-இல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. முதல் கறுப்பின மாணவி உள்ளே நுழைந்தது 1962-இல்.

வாசல் திறந்தது. பந்தியில் என்ன நடந்தது? 2003-ஆம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்தால் ஆறு வருஷத்தில் பட்டம் வாங்கியவர்கள் 32 பேர். கறுப்பின மாணவர்களில் 29. ஸ்பானிய வழியினரில் 22. மிச்சமுள்ளவர்களை யாரும் விரட்டவில்லை. ஒரு செமஸ்டர் வந்தார்கள், மறு செமஸ்டர் காணவில்லை, அவ்வளவுதான். கையில் பட்டம் இல்லை, தலையில் கடன் மட்டும் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை." டிமதி ரெனிக் என்பவர் அப்படிச் சொல்லவில்லை. மதங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் அவர். 2008-இல் இந்தப் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. பிள்ளைகளிடம் என்ன கோளாறு என்று தேடுவதை விட்டு, நம்மிடம் என்ன கோளாறு என்று அவரும் அவருடைய சகாக்களும் தேடினார்கள். பத்து வருஷத்தில் மாணவர்கள் வாங்கிய 25 லட்சம் மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள்.

அரசியல் படிக்க வந்தவன் முதல் அரசியல் பாடத்தில் நன்றாக மார்க் வாங்கினால், உரிய காலத்தில் பட்டம் பெற நூற்றுக்கு 75 பங்கு வாய்ப்பு. அதே பாடத்தில் சுமாரான 'சி' வாங்கினால் 25 பங்குதான். 'சி' என்றால் பாஸ்தானே என்று ஒருவரும் அதுவரை கவலைப்படவில்லை. நர்ஸ் படிப்புக்கு வந்தவர்களின் கதியை முன்கூட்டியே காட்டியது எது தெரியுமோ? உயிர் நூல் அல்ல, கணக்குப் பாடம்!

இப்படி எண்ணூறு அபாய அறிகுறிகளைக் குறித்து வைத்தார்கள். 2012-லிருந்து, ஏதாவது ஒன்று தலைகாட்டினால் ஆலோசகருக்குத் தகவல் போய்விடும். இரண்டு நாளுக்குள் அவர் மாணவனைக் கூப்பிட்டுப் பேசுவார். கம்ப்யூட்டர் சாமர்த்தியம் என்று பத்திரிகைகள் இதை அமர்க்களப்படுத்தின. என் அபிப்பிராயத்தில் சாமர்த்தியம் கம்ப்யூட்டரில் இல்லை. புதிதாக 42 ஆலோசகர்களை நியமித்தார்களே, அதில்தான் இருக்கிறது. மணி அடிப்பது பெரிதா? அடித்த மணிக்கு எழுந்து ஓட ஆள் வேண்டாமா?

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 'உனக்கு இந்தப் படிப்பு வராது, சுலபமானதாகப் பார்த்துக்கொள்' என்று ஏழைப் பெண்ணை நர்ஸ் படிப்பிலிருந்து நகர்த்திவிட இந்த மணி ஒரு சாக்காக ஆகாதா? ஆகலாம். 'சி' வாங்கியவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு வழி. அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றிவிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் விகிதம் உயரும். எந்த வழியில் உயர்ந்தது என்று கணக்கு சொல்லாது.

இடம் கிடைத்தும் கோடை விடுமுறைக்குள்ளேயே காணாமல் போகிறவர்கள் வேறு இருந்தார்கள். உதவித்தொகை விண்ணப்பம், தடுப்பூசி அத்தாட்சி என்று காகிதக் காட்டில் வழி தவறியவர்கள். 2016 கோடையில், செல்போன் வழியாக எந்நேரமும் பதில் சொல்லும் யந்திர உதவியாளன் ஒருவனை வைத்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் போயின. காணாமல் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மனிதரிடம் கேட்க வெட்கப்படும் கேள்வியை யந்திரத்திடம் நடுநிசியில் கேட்கலாம் அல்லவா?

இனி பணத்துக்கு வருகிறேன். என்னை உலுக்கியது இந்தப் பகுதிதான்.

ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆயிரம் பேருக்கு மேல், சம்பளம் முழுவதும் கட்டவில்லை என்று வகுப்பிலிருந்து பெயர் அடிக்கப்பட்டு வந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் பலர் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள். பாக்கியோ சில நூறு டாலர்தான்! கரைக்கு வந்த பிறகு ஏன் இப்படி? ஜார்ஜியாவில் லாட்டரிப் பணத்திலிருந்து தரும் உபகாரச் சம்பளத்துக்கு இத்தனை மணிப் பாடம் வரைதான் என்று ஒரு வரம்பு உண்டு. ஏழைகளுக்கு மத்திய சர்க்கார் தரும் 'பெல்' உதவி பன்னிரண்டு செமஸ்டரோடு நின்றுவிடும். நடுவில் தவறான பாடம் எடுத்துக் காலத்தைத் தொலைத்தவனுக்குக் கடைசிப் படியில் கை வறண்டுவிடும். முதல் வருஷத்து 'சி' கடைசி வருஷத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது!

2011-இல் ஒரு காரியம் செய்தார்கள். பெயரை அடிப்பதற்கு முன் பட்டியலைப் பார்த்து, தேறக்கூடியவனாகவும் பாக்கி சிறியதாகவும் இருந்தால் சர்வகலாசாலையே கட்டிவிட்டது. சராசரி 900 டாலர். மனுப் போட வேண்டாம், சிபாரிசு வேண்டாம். 'உன் பாக்கி தீர்ந்தது, வகுப்புக்கு வா, பணத்தைச் சமாளிப்பது பற்றி ஆலோசகருடன் பேசு' என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள்.

தர்மமா என்று கேட்டால், பாதி தர்மம், பாதி வியாபாரம். உதாரணத்துக்கு, ஒரு பெண் 4,000 டாலர் கட்ட வேண்டியதில் 3,600 கட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-க்காக அவள் பெயரை அடித்தால் அந்த 3,600-ம் அல்லவா போகிறது! நம் ஊர் மளிகைக் கடைச் செட்டியாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்வகலாசாலைக்குப் புரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

2003-இல் 32 ஆக இருந்த விகிதம் 2014-வாக்கில் 54-ஐ எட்டியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும், பணக்காரருக்கும் ஏழைக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆமாம், 54 என்றால் பாதிக்குச் சற்று மேல்தான். மீதி 46 பேருடைய இலை இன்னும் காலிதான். ஆனால் கடைசி வருஷத்தில் அந்தச் சிறு தொகை கிடைத்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் இரண்டே செமஸ்டரில் பட்டம் வாங்கி வெளியே வந்தார்கள். அந்த 900 டாலர் இல்லாதிருந்தால் ரிஜிஸ்தரில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடுதான் இருந்திருக்கும்.