தேவதைகளுக்கும் நித்திரை வேண்டும்

எமது கிராமங்களில் ‘மிட்வைப் மிஸ்’ என்று அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தரை அறியாத தாய்மார் இல்லை. முகாமில் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்திலும் சரி, மீளக் குடியமர்ந்து பற்றைகளை வெட்டிக்கொண்டிருந்த காலத்திலும் சரி, பிள்ளையின் நிறையைப் பார்க்கவும் கர்ப்பிணித் தாயின் அட்டையை நிரப்பவும் அவர் வந்து சேர்ந்தார். ஓர் உத்தியோகத்தரின் பிரிவில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வரையான மக்கள் இருப்பர். பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் ஏற்பட்டால் அதுவும் ‘பதில் கடமை’ என்ற பெயரில் அவர் தலையில் ஏறும். கொரோனா வருவதற்கு முன்னரே இதுதான் நிலைமை.

2020 மார்ச் மாதம் நாட்டில் ஊரடங்குச் சட்டம் வந்தது. நாம் வீட்டுக்குள் இருக்க, இவர்கள் வெளியே போனார்கள். கர்ப்பிணித் தாய் ஊரடங்குக்காகக் காத்திருக்க மாட்டாள், குழந்தையும் காத்திருக்காது. பழைய வேலை ஒன்றும் குறையாமல் புதிய வேலை வந்து சேர்ந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தனர். வாயிலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டியதும் அவர்களே, அதற்காக ஏச்சு வாங்கியதும் அவர்களே. தமது கடமைக்குரிய சட்ட அதிகாரத்தை வர்த்தமானி மூலம் தரும்படி கேட்டு, 2020 ஜூலையில் அவர்கள் கொரோனாக் கடமைகளிலிருந்து விலகி நின்றபோது, “இந்த நேரத்திலா வேலைநிறுத்தம்?” என்று கேட்டவர்கள் பலர். வேறு எந்த நேரத்தில் அவர்களுடைய குரல் கேட்கப்பட்டிருக்கும் என்று எவரும் கேட்கவில்லை.

2021 ஜனவரி இறுதியில் தடுப்பூசி வழங்கல் ஆரம்பமாகியது. அதன் பின்னர் பாடசாலை மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் நீண்ட வரிசைகள். அதே ஆண்டு ஓகஸ்டில் டெல்டா வகைத் தொற்று உச்சத்தைத் தொட்டபோது, நாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 மரணங்கள் பதிவாகின. விடுதியில் கட்டில் இல்லை. உறவினரைப் பார்க்க விடாததால், சாகிறவரின் கையைப் பிடித்திருந்தது பெரும்பாலும் ஒரு தாதியின் கையுறை அணிந்த கைதான். அந்தத் தாதி கடமை முடிந்து வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்கப் பயந்து, தனி அறையில் படுத்தாள்.

இந்த நாட்களில் நாம் செய்தது என்ன? அவர்களை ‘வெள்ளை உடைத் தேவதைகள்’ என்றோம். பத்திரிகைகள் எழுதின, பிரசங்கங்களில் நாமும் சொன்னோம். உள்ளன்போடுதான் சொன்னோம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு வசதி இருந்ததை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். தேவதைக்குப் பசிக்காது, களைக்காது, லீவு தேவையில்லை. ஒருவரைத் தேவதை என்று அழைத்துவிட்டால் அவர் எத்தனை மணிநேரம் வேலை செய்கிறார் என்று கணக்குப் பார்க்க வேண்டிய கடமை எமக்கு இல்லாமற் போய்விடுகிறது.

கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழவு மாடு வைத்திருந்த எவரும் ஒரே சோடியை விடியலில் இருந்து இருட்டும் வரை, நாள் தவறாமல் கலப்பையில் பூட்டியதில்லை. மாடு படுத்துவிட்டால் அதற்கு மனத்தைரியம் போதாது என்று சொன்னதுமில்லை. நுகத்தைக் கழற்றித் தண்ணீர் காட்டினார்கள். மனிதர் விடயத்தில் மட்டும் எமக்கு இந்த அறிவு வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல், வேலையினால் வரும் இந்தச் சோர்வைத் தனது நோய் வகைப்பாட்டில் விபரித்தது. அதன்படி இது ஒரு நோயல்ல. வேலைத்தலத்தின் நீடித்த அழுத்தம் சரிவரக் கையாளப்படாமையின் விளைவு. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி முழுவதும் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பும் விலகலும் ஏற்படுதல், தான் செய்வதால் பயனில்லை என்ற எண்ணம். கிளினிக்கில் ஒரு தாதி சிடுசிடுத்தால் “என்ன திமிர்” என்கிறோம். எல்லாச் சிடுசிடுப்பும் சோர்வல்லத்தான். திமிர் பிடித்தவர்களும் உண்டு. என்றாலும் முன்னர் சிரித்த முகம் ஏன் மாறியது என்று ஒருமுறையாவது யோசிக்கலாம்.

அவர்கள் ஏன் வாய்திறப்பதில்லை? எம்மவரிடையே ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல். தேசிய மனநல நிறுவகம் அங்கே இருப்பதுதான் காரணம். கொரோனா நோயாளரை முதன்முதலில் பராமரித்த தொற்றுநோய் வைத்தியசாலை இருப்பதும் அதே அங்கொடையில்தான். ஒன்றில் வேலை செய்தவரை வீரர் என்றோம். அவரே மற்றதன் வாசலை மிதித்தால் என்ன சொல்லியிருப்போம்?

இது எமது ஊரின் குறை மாத்திரமல்ல. நியூயோர்க் நகரில் அவசர சிகிச்சை வைத்தியராக இருந்த லோர்னா பிரீன், தானும் தொற்றுக்குள்ளாகித் தேறி, மீண்டும் கடமைக்குச் சென்றவர். 2020 ஏப்ரலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை பெற்றது தெரியவந்தால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். சுகாதார ஊழியரின் மனநலம் பேணுவதற்காக 2022 இல் அந்த நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

எம்மைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய வைத்தியசாலைகளை எமது வாசகர்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். அங்கு வேலை செய்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. காயக்காரருக்குக் கட்டுப்போட்டுவிட்டுத் தமது குடும்பத்தைத் தேடி ஓடியவர்கள். பின்னர் அவர்களில் எவரையாவது அழைத்து, “நீர் கண்டதையெல்லாம் எங்கே இறக்கி வைத்தீர்?” என்று கேட்டோமா? அந்தப் பாரத்தோடுதான் சிலர் 2020 இலும் கடமைக்குப் போனார்கள்.

கொரோனா தணிந்த கையோடு 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற பின் கடமைக்குப் போனவர்கள், இல்லாத மருந்துக்கு நோயாளரிடம் பதில் சொன்னார்கள். வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுப் போயினர். போனவர்களைத் துரோகிகள் என்று தூற்றுவது எளிது. எஞ்சியவர்கள் அவர்களுடைய வேலையையும் சேர்த்துச் செய்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

ஆலோசனையும் தியானப் பயிற்சியும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் எவருக்கும் உண்டு. சுகாதார ஊழியருக்கும் உண்டு. ஆனால் இரண்டு பேரின் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்துவிடு என்று அவருக்குப் படிப்பிப்பது வைத்தியமாகாது. வெற்றிடம் நிரப்பப்பட வேண்டும். பதில் கடமைக்கு எல்லை வேண்டும். கிடைக்கவேண்டிய லீவு கிடைக்க வேண்டும்.

இதில் கிராமத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எமது மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மனு எழுதுவதில் கெட்டிக்காரர்கள்; வீதிக்கும் குளத்துக்கும் எத்தனை மனு எழுதியிருப்போம்! சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதும்போது மட்டும் அது பெரும்பாலும் மிட்வைப் வரவில்லை என்ற முறைப்பாடாகவே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவரையே அழைத்து, ஒரு தேநீர் கொடுத்து, எத்தனை பிரிவைப் பார்க்கிறார், அவற்றில் எத்தனை குடும்பங்கள், கடைசியாக எப்போது லீவு எடுத்தார் என்று கேளுங்கள். அந்த விபரங்களை அவருடைய சம்மதத்தோடு மனுவில் எழுதுங்கள். நிரப்பப்படாத பிரிவின் பெயரையும், அது எவ்வளவு காலமாக வெறுமையாக இருக்கிறது என்பதையும் சேருங்கள். கையொப்பங்களை அடுத்த கிளினிக் நாளிலேயே சேர்க்கலாம். தாய்மார் எல்லோரும் அங்கே வருவார்கள்.