அழுவதற்கு மட்டும்தானா நம் படம்?



புயலோ, வெள்ளமோ, பூகம்பமோ எது வந்தாலும் சரி, மறுநாள் பேப்பரில் தலைவிரி கோலமாய் அழும் ஒரு பெண்ணின் படம் கட்டாயம் இருக்கும். கவனிச்சிருக்கீங்களா?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததே, இரண்டு நாள் கழித்துக் கடலூரில் எடுத்த ஒரு போட்டோ உலகம் பூராவும் போனது. உறவினரைப் பறிகொடுத்த பெண், மணலில் சரிந்து கைகளை விரித்துக் கதறுகிறாள். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரியும். ராய்ட்டர் நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா எடுத்த அந்தப் படம், அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாக உலக அளவில் பரிசும் பெற்றது.

படம் பொய்யில்லை. பிணங்களைக் குவித்துக் காட்டாமல் துக்கத்தைக் காட்டியதும் நல்லதுதான். ஆனால் அது சொல்லாத சேதி ஒன்று உண்டு. கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்குச் சொன்னது. ஏன் இப்படி? ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி அலை உயர எழும்பாது. பெண்களோ மீனுக்காகக் கரையில் காத்து நின்றார்கள். இடுப்பில் பிள்ளை, காலைச் சுற்றும் சேலை, நீச்சலும் தெரியாது. எப்படித் தப்பிப்பாங்க?

அழுகிற முகத்தையே பார்த்துப் பழகினால், அவளுக்கு அரிசியும் சேலையும் கொடுத்தால் போதும் என்று தோன்றிவிடும். அவளும் கூடை சுமந்து மீன் விற்றவள், கைமுதலை இழந்தவள் என்பது யாருக்கும் தோணாது. படகுக்கும் வலைக்கும்தான் நஷ்டக் கணக்கு எழுதுவார்கள். முகாமில் அடுப்பு மூட்டி ஊருக்கே பொங்கிப் போட்டவளை எத்தனை பேர் படம் எடுத்தார்கள்?

இன்னொன்று. இப்போது ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. வெள்ளத்தில் ஈரச் சேலையோடு நிற்பவளை ஒரு வார்த்தை கேட்காமலே படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். நம் வீட்டு இழவில் ஒருத்தர் கேமராவை நீட்டினால் சும்மா விடுவோமா?

பத்திரிகைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கேட்டுவிட்டு எடுங்கள். 'கதறும் பெண்' என்று மட்டும் போடாமல், அவள் என்ன தொழில் செய்தாள், எதை இழந்தாள், அவளுக்கு இப்போ என்ன தேவை என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். சகோதரிகளே, அப்படிப்பட்ட படம் செல்போனில் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் நாமாவது நிறுத்துவோமே!

- ஒரு வாசகி, சிதம்பரம்.