விளக்கு வெளிச்சத்தில் மொட்டு வைக்காத சாமந்தி

கேள்வி: "வாணியம்பாடி பக்கத்தில் அரை ஏக்கரில் மஞ்சள் சாமந்தி போட்டிருக்கிறோம். ஆனியில் நட்டது. மற்ற பாத்திகளில் ஐப்பசியில் இருந்து பூ பறிக்கிறோம். மேற்கு ஓரத்தில் ஆறு பாத்தி மட்டும் பச்சைப் பசேல் என்று வளர்ந்து நிற்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தோல் கிடங்கு. அங்கே ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் எரிகிறது. டேனரித் தண்ணீர் மண்ணில் இறங்கிவிட்டதோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். செடியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடலாமா?"
- ஒரு வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்.

பதில்: பிடுங்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பாதித்த செடி குட்டையாக நிற்கும். இலை ஓரம் கருகும். இந்தச் செடிகளோ தழைத்து நிற்கின்றன. வெளிச்சம் விழும் பாத்திகளில் மட்டுமே மொட்டு இல்லை என்பதால், காரணம் பெரும்பாலும் அந்த விளக்குதான்.

சாமந்தி, இரவு நீளும்போது பூக்கும் பயிர். திருப்பத்தூர் பகுதியில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 25 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைச் செடியின் இலை கண்டுகொள்கிறது. இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அது முக்கியமாகப் பார்ப்பது பகலின் நீளத்தை அல்ல, இடையில் வெளிச்சம் படாத இருட்டின் நீளத்தை. நடு இரவில் விளக்கு எரிந்தால், நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாக உடைந்துவிடும். 'இன்னும் காலம் வரவில்லை' என்று செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை, அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் கோடையில் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை வைத்து 1920-ல் விளக்கினார்கள். நம் ஊர்த் தரிசுகளில் முளைக்கும் மருளூமத்தையை வைத்து, இருட்டுதான் முக்கியம் என்று ஹாம்னர், பானர் என்ற இருவர் 1938-ல் காட்டினார்கள். இதையே ஓசூர் பக்கம் சாமந்தி விவசாயிகள் லாபமாக்கிக்கொள்கிறார்கள். செடி போதிய அளவு வளரும்வரை இரவில் பல்பு எரியவிட்டு, பிறகு அணைத்து, வேண்டிய நேரத்துக்குப் பூ எடுக்கிறார்கள். அங்கே தெரிந்தே செய்வது, இங்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

எல்லாப் பயிரும் இப்படி இல்லை. பந்தலில் ஏறும் பழைய நாட்டு அவரையை ஆடியில் போட்டாலும் பனிக்காலம் வந்தால்தான் காய்க்கும். குத்து அவரையை எந்தப் பட்டத்தில் போட்டாலும் நாள் கணக்குப்படி பூத்துவிடும். முன்னது இருட்டுக்குக் காத்திருக்கும். பின்னது தன் வயதைப் பார்க்கும்.

இனி செய்ய வேண்டியவை:

* இரவு அந்தப் பாத்திகளில் நின்று பார்க்கவும். உங்கள் நிழல் தெளிவாகத் தரையில் விழுந்தால், அந்த வெளிச்சமே மொட்டைத் தடுக்கப் போதுமானதாக இருக்கலாம்.

* கிடங்குக்காரருக்குக் காவலுக்கு விளக்கு வேண்டும். அணைக்கச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பைக் கீழ்நோக்கித் திருப்பி, தோட்டத்துப் பக்கம் ஒரு தகரத் தட்டு அடித்துக்கொள்ளலாமா என்று கேட்கவும். செலவைப் பாதி ஏற்பதாகச் சொன்னால் பேச்சு சுலபமாகும்.

* அது முடியும்வரை, மாலை 6 மணி முதல் காலை 6 மணிவரை கறுப்புத் துணியால் மறைப்புக் கட்டவும். துணி செடிமேல் படாமல் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது.

* ஆறு பாத்திக்கும் இப்போது யூரியா போட வேண்டாம். தழை இன்னும் கூடும்.

இருட்டு கிடைக்க ஆரம்பித்தால் மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரியும். பூ விரிய, ரகத்தைப் பொறுத்து மொத்தம் எட்டு முதல் பத்து வாரம் ஆகலாம். கார்த்திகை முதல் வாரத்திலேயே மறைப்புக் கட்டினால் பொங்கல் சந்தையைத் தொட்டுப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஒரு மாதம் தள்ளினால் மாசி முகூர்த்தத்துக்குத்தான் பூ வரும். அதுவும் நஷ்டம் இல்லை, மற்ற பாத்தி ஓயும் நேரத்தில் இந்தப் பாத்தி கைகொடுக்கும்.

நான்கு வாரம் நல்ல இருட்டு கொடுத்தும் மொட்டு வராவிட்டால், மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். டேனரி உள்ள பகுதியில் அந்தச் சோதனை எப்போதுமே வீண் போகாது. விளக்கு அங்கேயே இருக்கும் என்றால், அடுத்த முறை அந்த ஓரத்தில் சாமந்தி வேண்டாம். இருட்டுக்குக் காத்திருக்காத தக்காளியோ ரோஜாவோ போடுவது நல்லது.